மேட்ச்சில் மட்டும் பந்து ஏன் காலில் நிற்பதில்லை?

கேள்வி: பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பத்து, பதினோரு வயதுப் பையன்கள் எட்டுப் பேருக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். எதிரெதிரே நிற்க வைத்தால் பாஸ் அருமையாகப் போடுகிறார்கள். மேட்ச் என்று வந்துவிட்டால் ஒருத்தன் காலிலும் பந்து நிற்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: எதிரெதிரே நின்று போடும்போது பையனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? பந்து எங்கிருந்து வரும், எங்கே திருப்பிப் போடணும் எல்லாம் முன்பே தெரியும், பிடுங்க வருகிறவனும் கிடையாது. கால் பழகிவிட்டது, கண் பழகவில்லை.

நாலு நாலு பேராகப் பிரியுங்கள். சுமார் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் கட்டம், கோன் இல்லாவிட்டால் நாலு செருப்பு போதும். ஒருவன் நடுவில் பந்தைப் பிடுங்க, மற்ற மூவரும் ஓரங்களில். பந்து வைத்திருப்பவனுக்கு வலது பக்கமும் இடது பக்கமும் ஆள் இருந்தே ஆகணும் என்று ஒரே ஒரு விதி போடுங்கள். நாலு ஓரத்துக்கு மூன்று பேர்தான் என்பதால் பாஸ் போன பிறகு யாராவது ஓடித்தான் தீர வேண்டும். ஸ்பெயினில் இந்த மாதிரி ஆட்டத்துக்கு ரோண்டோ என்று பெயர். 1988-ல் பார்சிலோனா கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்த யோஹான் கிராய்ஃப் இதைத் தினசரிப் பாடமாகவே வைத்திருந்தார்.

அப்புறம், பந்தை வாங்கும் விதம். பையன்கள் பந்துக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்று, பக்கத்தில் இருக்கும் காலால் அமுக்கி நிறுத்துவார்கள், பாதி மைதானம் அவர்கள் கண்ணுக்கே தெரியாது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்று, பந்தை முன்னால் ஓட விட்டு, தள்ளி இருக்கும் காலால் வாங்கச் சொல்லுங்கள். இடப்பக்கமிருந்து வந்தால் வலது கால். அந்த ஒரே டச்சில் அடுத்த பாஸுக்கான பக்கம் திறந்துவிடும். கணுக்கால் தளர்வாக இருக்கட்டும், பந்து ஒரு எட்டு முன்னால் விழட்டும்.

இன்னொன்று, வாங்கப் போகிறவனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள், பந்து காலைத் தொடுவதற்குள் அவன் எத்தனை என்று சொல்லணும். முதல் நாள் சிரிப்பும் குழப்பமுமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதே பார்சிலோனாவில் நடுக்களத்தில் ஆடிய ஷாவியின் பழைய மேட்ச் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், நிற்கவே நிற்காது.

பாஸ் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், விரல் இலக்கைப் பார்த்தபடி. "மெதுவா போடு" என்று மட்டும் கத்தாதீர்கள், மெதுவான பாஸைத்தான் எதிராளி லபக்கென்று எடுத்துக்கொண்டு போவான்.

கேள்வி: எங்களிடம் பெரிய பையன்களின் பந்துதான் இருக்கிறது, பரவாயில்லையா?
– அதே வாசகர்

பதில்: அது 5-ம் நம்பராக இருக்கும், 410 முதல் 450 கிராம் எடை. இந்த வயதுக்கு 4-ம் நம்பர்தான் சரி. வாங்கும்வரை இருக்கிற பந்திலேயே கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், கட்டாந்தரையில் அவ்வளவு துள்ளாது.