குதிகால் வலிக்கு மெத்தென்ற காலணி போதுமா?

கேள்வி: எனக்கு வயது 48. ஆசிரியராகப் பணிபுரிவதால் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் நிற்க வேண்டியுள்ளது. இரண்டு ஆண்டுகளாக இடது குதிகாலில் வலி இருக்கிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவது போல இருக்கும். சிறிது நடந்தால் குறையும். மாலையில் மீண்டும் தொடங்கிவிடும். எக்ஸ்-ரே எடுத்ததில் குதிகால் எலும்பு முள்ளாக வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். சர்க்கரை நோய் இல்லை. மிகவும் மென்மையான காலணிகளாகப் பார்த்து மூன்று ஜோடி வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் முதல் சில வாரங்கள் சுகமாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். வீட்டில் வெறுங்காலுடன்தான் நடக்கிறேன். நான் எப்படிப்பட்ட காலணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அளவெடுத்துச் செய்யும் இன்சோல் தேவையா?

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் வலி, குறிப்பாகக் காலையின் முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்து, நின்று களைத்த பின் திரும்பும் அந்தப் போக்கு, பிளான்டார் ஃபேசியா என்ற உள்ளங்கால் திசுப்பட்டையில் ஏற்படும் பாதிப்பையே பெரும்பாலும் சுட்டுகிறது. நேரில் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், அந்த அனுமானத்தின் மீதே இந்தப் பதிலை எழுதுகிறேன். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை நீளும் இந்தப் பட்டைதான் பாதத்தின் உள்வளைவை வில்லின் நாணைப் போலப் பிடித்து நிறுத்துகிறது. உறங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை தளர்ந்த நிலையில் ஓய்வெடுக்கிறது. எழுந்து முதல் அடி வைத்ததும் உடல் எடை முழுவதும் அதைத் திடீரென இழுக்கிறது. காலை வலிக்குக் காரணம் இந்த இழுப்பே.

எலும்பு முள்ளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருடைய எக்ஸ்-ரேயிலும் அது காணப்படுகிறது. முள் இல்லாமலேயே கடுமையாக வலிப்பவர்களும் இருக்கிறார்கள். முள்தான் குத்துகிறது என்று எண்ணி, அதற்குப் பஞ்சு போன்ற மெத்தை வேண்டும் என்று முடிவு செய்வது இயல்புதான். உங்கள் மூன்று ஜோடிக் காலணிகளும் அந்த எண்ணத்தில் வாங்கியவையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மென்மை வேறு, தாங்குதல் வேறு. தரையில் படும் அதிர்ச்சியைக் குறைக்கக் குதிகாலின் அடியில் ஓரளவு மெத்தை வேண்டியதுதான். வயது கூடக்கூடக் குதிகாலின் இயற்கையான கொழுப்பு மெத்தையின் தாங்கும் திறன் குறைவதால் அது இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் காலணி முழுவதுமே அழுத்தினால் அமுங்கும் நுரைப்பொருளாக இருந்தால், பாதம் அதற்குள் புதைந்து, உள்வளைவு தாழ்ந்து, அடிக்கு அடி திசுப்பட்டை இழுபடும். மேலும் அத்தகைய நுரை, நாள் முழுதும் நிற்பவரின் எடையில் சீக்கிரமே தட்டையாகிவிடும். முதல் சில வாரங்கள் சுகம், பிறகு பழைய வலி என்று நீங்கள் எழுதியிருப்பது இதனுடன் பொருந்துகிறது.

கடையில் காலணியைக் காலில் போடும் முன்பே கையில் எடுத்து மூன்று விதமாகச் சோதிக்கலாம். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது துணியைப் போல மடங்கினால் உங்கள் குதிகாலை நேராகப் பிடித்து வைக்காது. அடுத்து, காலணியின் முனையையும் பின்பகுதியையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது வளைய வேண்டும். நடுவில், உள்வளைவு அமரும் இடத்தில், இரண்டாக மடிந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். விரல்கள் மேல்நோக்கி மடங்கும் ஒவ்வொரு முறையும் திசுப்பட்டை இறுகுவதால், விரல் பகுதியிலும் எளிதில் சுருண்டுவிடாத, சற்று விறைப்பான அடிப்பாகம் உங்களுக்கு நல்லது. கடைசியாக, ஈரத்துணியைப் பிழிவது போலக் காலணியை முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், முழுதாகத் திருகிக்கொள்ளக் கூடாது.

குதி உயரத்தைப் பொறுத்தவரை இரண்டு எல்லைகளுமே தொல்லைதான். உயர்ந்த குதி எடையை முன்பாதத்தின் மீது தள்ளுகிறது. ஒரே தகடாக இருக்கும் மெல்லிய செருப்பு கெண்டைக்கால் தசையையும் குதிகால் நாணையும் இழுத்து, அந்த இழுப்பைத் திசுப்பட்டைக்கும் கடத்துகிறது. முன்பாதத்தைவிடக் குதி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பது உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது.

நான் காணும் பிழைகளில் மிகச் சாதாரணமானது அளவுதான். இருபது வயதில் அணிந்த எண்ணையே நாற்பத்தெட்டு வயதிலும் கேட்டு வாங்குகிறோம். வயதோடு தசைநார்கள் தளர்வதால் பாதம் நீளவும் அகலவும் செய்கிறது. பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் இது நிகழக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்து வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நின்ற நிலையில், இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று எழுந்துவிடாதீர்கள். எடை இறங்கும்போதுதான் பாதத்தின் உண்மையான நீளம் தெரியும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த நீண்ட விரல் சிலருக்குப் பெருவிரலாக இல்லாமல் அதற்கு அடுத்ததாக இருக்கும். அகலம் குறித்து ஐயம் இருந்தால், வீட்டிலேயே ஒரு தாளில் நின்று பாதத்தின் விளிம்பை வரைந்து, வெட்டியெடுத்து, கடைக்குக் கொண்டு சென்று காலணியின் அடிப்பாகத்தோடு வைத்துப் பாருங்கள். தாள் காலணிக்கு வெளியே நீண்டால், உங்கள் பாதமும் உள்ளே நெருக்கப்படும் என்பதே பொருள். போடப்போடத் தளர்ந்துவிடும் என்ற உறுதிமொழியை நம்ப வேண்டாம். முதல் நாளே பொருந்தாத காலணி உங்களுக்கானது அன்று.

லேஸோ வெல்க்ரோ பட்டையோ உள்ள காலணி, வெறுமனே நுழைத்துக்கொள்ளும் காலணியைவிட மேலானது. நுழைக்கும் காலணி கழன்றுவிடாமலிருக்க விரல்கள் அதை இறுகப் பற்றிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது; அந்த வேலையும் பாதத்தின் தலையில்தான் விழுகிறது.

இன்சோல் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். குதிகால் வலியில், அளவெடுத்துச் செய்யும் இன்சோலையும் ஆயத்தமாகக் கிடைக்கும் உறுதியான இன்சோலையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலிக்குறைவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பெரும் பணம் செலவழிப்பதற்கு முன், உள்வளைவைத் தாங்கும் வடிவமுள்ள ஆயத்த இன்சோலை ஆறு முதல் எட்டு வாரங்கள் பயன்படுத்திப் பாருங்கள். பாத அமைப்பில் குறிப்பிடத்தக்க மாறுபாடு உள்ளவர்களுக்கு அளவெடுத்துச் செய்வது தேவைப்படலாம். எந்த இன்சோலானாலும், காலணியோடு வந்த பழைய இன்சோலை எடுத்துவிட்டே புதியதை வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே இடம் குறைந்து, குதிகால் மேலேறி, பின்பக்கச் சுவரின் பிடி தளர்ந்துவிடும். கழற்றக்கூடிய இன்சோல் உள்ள காலணியாக வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது வெறுங்கால் பற்றிய வரியை. வேலை நேரத்தில் எவ்வளவு நல்ல காலணி அணிந்தாலும், மீதி நேரமெல்லாம் கடினமான தரையில் வெறுங்காலுடன் நடந்தால் பயன் பாதியாகிவிடும். வீட்டுக்குள் மட்டும் அணிய, உள்வளைவுத் தாங்கலும் பின்பட்டையும் உள்ள ஒரு செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டிலருகே வைத்து, காலையில் முதல் அடியையே அதில் வையுங்கள். புதிய காலணியையோ இன்சோலையோ முதல் நாள் ஓரிரு மணி நேரம் மட்டும் அணிந்து, ஒரு வாரத்தில் படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள்.

காலணி வலியைத் தாங்கிக்கொள்ளத் துணை செய்யும். திசுவை வலுப்படுத்தும் வேலையைப் பயிற்சிதான் செய்ய வேண்டும். படுக்கையிலிருந்து இறங்கும் முன், வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் வைத்து, விரல்களைக் கையால் முன்கால் எலும்பை நோக்கி இழுத்து 10 விநாடி பிடியுங்கள். இதைப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை செய்யுங்கள். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் வலி நன்கு குறைந்துவிடுவதால், இரண்டு ஆண்டுகளாகியும் நீங்காத உங்கள் வலியை நேரில் பரிசோதிக்க வேண்டியது அவசியம்.

வலி வேறு இடத்தில் உள்ள வாசகர்களுக்கு இந்தப் பரிந்துரை அப்படியே பொருந்தாது. முன்பாதத்தில் வலிப்பவர்களுக்கு விரல் பகுதி அகலமான காலணியும், பெருவிரல் மூட்டு இறுகியவர்களுக்கு முன்புறம் படகு போல உயர்ந்த அடிப்பாகமும் உதவும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், காலணி கடிப்பதையே உணரமாட்டார்கள் என்பதால், மருத்துவரின் வழிகாட்டலுடனேயே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அணியும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு மரத்துப்போதல், எரிச்சல், இரவில் ஓய்விலும் விடாத வலி, வீக்கம், கால் ஊன்ற இயலாமை ஆகியவற்றில் எதுவேனும் இருந்தாலும், காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், காலணிக் கடைக்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். நரம்பு அழுத்தம், எலும்பில் நுண்விரிசல், மூட்டழற்சி நோய்கள் ஆகியவையும் குதிகால் வலியாகத் தலைகாட்டுவதுண்டு. செல்லும்போது அந்த மூன்று ஜோடிக் காலணிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நோயாளிகள் அவற்றைச் சங்கடத்தோடுதான் வெளியே எடுப்பார்கள். ஆனால் அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, குதிச்சுவர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே நீங்கள் நடக்கும் விதத்தைப் பற்றிப் பாதி செய்தி கிடைத்துவிடும்.