படித்த பாசிஸ்ட் என்றால் பாவம் குறையுமா?

கேள்வி: இத்தாலியப் பாசிஸ்டுகள் என்றாலே கறுப்புச் சட்டை, தடியடி, எதிரிகளின் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவது என்றுதான் எழுதுகிறீர்கள். ஜூசெப்பே பொத்தாய் போன்ற பெரிய படிப்பாளியும் முசோலினியின் அமைச்சரவையில் இருந்தாரே! கலைச் செல்வங்களைக் காக்கச் சட்டம் போட்டார். முசோலினியைக் கவிழ்க்க வாக்களித்தார். கடைசியில் ஜெர்மானியரை எதிர்த்துச் சாதாரணச் சிப்பாயாகப் போரிட்டார். இவரையும் மற்றவர்களோடு சேர்த்துத் திட்டுவது நியாயமா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சேர்த்துத் திட்டியது தப்புத்தான். பொத்தாயைத் தனியாக உட்கார வைத்துத் திட்டியிருக்க வேண்டும்.

முதலில், அவருக்கும் தடிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1895-ல் ரோமில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அதிரடிப் படையில் இருந்தவர். ரோம் நகரப் பாசிச அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1922 அக்டோபரில் முசோலினியின் ஆட்கள் ரோமுக்குள் புகுந்தபோது, பொத்தாய் நடத்தி வந்த அணி சான் லொரென்சோ என்ற தொழிலாளர் பேட்டை வழியாகத்தான் வந்தது. அங்கே மோதல் நடந்தது, உயிர்கள் போயின. மறுவருடமே அவர் ‘கிரிடிக்கா ஃபாசிஸ்டா’ என்ற பத்திரிகையை ஆரம்பித்து, கட்சிக்குள் இருந்தபடியே கட்சியை விமர்சிக்கும் மனிதர் என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயர்தான் இன்று கும்பகோணம் வரை வந்திருக்கிறது.

பிறகு பதவிகள் வரிசையாக வந்தன. தொழிலாளர்களையும் முதலாளிகளையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்த ‘கார்ப்பரேஷன்கள்’ துறைக்கு 1929 முதல் 1932 வரை அமைச்சர். அடுத்து ரோம் நகர ஆளுநர். எத்தியோப்பியப் போருக்குத் தானே விரும்பிப் போய், பிடிபட்ட அடிஸ் அபாபாவுக்குச் சில நாள் ஆளுநர். 1936 நவம்பரில் கல்வி அமைச்சரானார்.

நீங்கள் கொண்டாடும் பொத்தாய் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். கொண்டாட விஷயம் இல்லாமலும் இல்லை. 1939 ஜூன் மாதம் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று கலை, வரலாற்றுச் சின்னங்களைக் காக்க. மற்றது இயற்கை எழில் மிகுந்த இடங்களைக் காக்க. முதல் சட்டம் 1999 வரை இத்தாலியில் நடப்பில் இருந்தது. பாசிசம் விழுந்து, மன்னராட்சி போய், குடியரசு வந்த பிறகும் அதைத் தூக்கியெறிய யாருக்கும் அவசியம் தோன்றவில்லை. பழைய ஓவியங்களைச் செப்பனிட ரோமில் தனி நிறுவனம் அமைத்து, அதைச் செசாரே பிராந்தி என்ற திறமைசாலியிடம் ஒப்படைத்ததும் பொத்தாய் காலத்தில்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு நல்ல கண் இருந்தது.

அந்தக் கண் 1938-ல் வேறு வேலை பார்த்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி வந்த ஆணை, யூத ஆசிரியர்களையும் மாணவர்களையும் இத்தாலியப் பள்ளி, கல்லூரிகளிலிருந்து வெளியேற்றியது. ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தவர்கள் மட்டும் படிப்பை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. யூதர்களின் திருமணம், சொத்து, அரசு வேலை எல்லாவற்றிலும் கைவைத்த பொதுவான இனச் சட்டம் நவம்பர் 17-ல்தான் வருகிறது. அதாவது கல்வித் துறை இரண்டு மாதத்துக்கு மேல் முந்திக்கொண்டது. புதுக் கல்வியாண்டு தொடங்கும்போது வகுப்பறை ‘சுத்தமாக’ இருக்க வேண்டுமாம்! சோம்பேறி அமைச்சராக இருந்திருந்தால் கோப்பு எங்காவது தூங்கியிருக்கும். இவர் சுறுசுறுப்பானவர், நிர்வாகம் தெரிந்தவர்.

வெளியேற்றப்பட்டவர்கள் யார்? ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்கு வேண்டிய கணிதத்தை வளர்த்தவர்களில் ஒருவரான துல்லியோ லெவி-சிவிதா, ரோம் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு 1941-ல் இறந்தார். பலெர்மோவில் பேராசிரியராக இருந்த எமிலியோ செக்ரே அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். தூரினில் வேலை இழந்த ரீத்தா லெவி-மொந்தால்சினி படுக்கையறையை ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார். பின்னாளில் செக்ரேவுக்கும் ரீத்தாவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. யூதர் அல்லாத இயற்பியல் மேதை என்ரிக்கோ ஃபெர்மிகூட, மனைவி யூதர் என்பதால், அந்த டிசம்பரில் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போனவர் அப்படியே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இதெல்லாம் பிரபலங்களின் கதை. மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளைக்கு இந்த ஆணையை அம்மா எப்படி விளக்கினாள் என்பதை எந்தப் பரிசுப் பட்டியலிலும் தேட முடியாது.

‘மேலிடத்து உத்தரவு, பாவம் அவர் என்ன செய்வார்?’ என்பீர்கள். அக்டோபரில் பாசிசப் பெருங்குழு, அதாவது கட்சியின் உச்ச சபை, கூடியது. பால்போ, தெ போனோ, ஃபெதெர்ஸோனி மூவரும் யூதர்களுக்காகப் பரிந்து பேசினார்கள். இதாலோ பால்போ யார் தெரியுமா? உங்கள் விளக்கெண்ணெய்க் கோஷ்டியின் பழைய தளபதி! தளர்த்தவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் நம் படிப்பாளி. துரத்தியதற்காக நம்மை வெறுப்பார்கள், திரும்பச் சேர்த்தால் இளக்காரமாக நினைப்பார்கள் என்பது அவர் வாதம். வெளியுறவு அமைச்சர் சியானோ தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். முரடன் இரங்கிய இடத்தில் பண்பாளர் இரங்கவில்லை.

இனி அந்த வாக்கு. 1943 பிப்ரவரியில் அவருடைய அமைச்சர் பதவி பறிபோனது. ஜூலை 10-ல் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின, 19-ல் ரோமில் குண்டு விழுந்தது. 25-ம் தேதி விடியலில் அதே பெருங்குழுவில் முசோலினிக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்த 19 பேரில் பொத்தாயும் ஒருவர். துணிச்சல் இல்லை என்று சொல்லமாட்டேன். ஜெர்மானியர் தயவில் வட இத்தாலியில் மறுபடி ஆட்சி அமைத்த முசோலினியின் ஆட்கள், அந்த 19 பேரில் ஐவரை 1944 ஜனவரியில் வெரோனாவில் சுட்டுக் கொன்றார்கள். தலைமறைவாக இருந்த பொத்தாய்க்கும் அதே வழக்கில் மரண தண்டனை. ஆனால் ஐந்து வருடம் முன்பு மூன்று பேர் பேசினார்களே, அன்று கையைத் தூக்க ஒரு குண்டும் விழ வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அந்நியப் படையில் ‘அந்திரேயா பத்தாலியா’ என்ற பொய்ப் பெயரில் சேர்ந்து, ஐம்பதை நெருங்கும் வயதில் தென் பிரான்சில் போரிட்டதும் உண்மை. அதைப் பிராயச்சித்தம் என்றே அவர் சொல்லிக்கொண்டார். எதற்கு? பாசிசம் கெட்டுப்போனதை உரிய நேரத்தில் தடுக்காமல் விட்டதற்கு. அவர் வருந்தியது பாசிசம் பாழானதற்காக என்று எனக்குப் படுகிறது. செப்டம்பர் 5-ம் தேதிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

1945-ல் இத்தாலிய நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 1947-ல் பொது மன்னிப்பு கிடைத்தது. 1948-ல் ஊர் திரும்பி, மறுபடி பத்திரிகை நடத்தி, 1959-ல் தன் நகரத்திலேயே காலமானார். 1995-ல் ரோம் மேயர் ருத்தெல்லி, அவர் பெயரை நகரில் ஓரிடத்துக்குச் சூட்டலாம் என்று யோசனை சொன்னார். உங்களைப் போலவே அவரும் கலைச் சட்டங்களைத்தான் நினைத்திருக்க வேண்டும். ரோமின் யூத சமூகத்தினர் எதிர்த்தார்கள். பெயர்ப் பலகை வரவில்லை.