ராணித் தேனீக்குள் விந்தணுக்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருப்பது எப்படி?

இளம் பருவத்தில் ஓரிரு நாள் மட்டுமே வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடும் ராணி, மறுபடி கூடாமலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் கருவுற்ற முட்டைகளை இடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சில பெட்டிகளில் தேனீ வளர்த்துவரும் எனக்கு இந்தக் கேள்வி மிகவும் நெருக்கமானது.

விடை ராணியின் வயிற்று நுனியில் உள்ள விந்துகொள்பையில் இருக்கிறது. இறந்துபோன ஒரு ராணியின் கடைசி வயிற்று வளையங்களை இடுக்கியால் மெல்லப் பிரித்தபோது, சுமார் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருண்டை வெளிவந்தது. அதன்மேல் மிக நுண்ணிய மூச்சுக்குழல்கள் வெள்ளிவலைபோல் பின்னிக் கிடந்தன. அந்த வலையை உருட்டி நீக்கியபின், உள்ளே இருந்தது பால் கலங்கியதுபோல் வெண்மையாகத் தெரிந்தது. கூடாத ராணியில் இதே பை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்.

இத்தாலியத் தேனீயின் ராணி பொதுவாகப் பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறது. ஆனால் பெற்ற விந்தணுக்களில் மிகச் சிறு பங்கு, ஏறத்தாழ 50 முதல் 70 லட்சம் மட்டுமே, ஒன்றரை நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு அந்தப் பைக்குள் சேர்கின்றன, மற்றவை வெளியேற்றப்படுகின்றன. சேர்ந்தவற்றைப் பேணுவதுதான் அரிய வேலை. பையோடு இணைந்த இரட்டைச் சுரப்பிகள் காரத்தன்மையுள்ள, புரதம் நிறைந்த நீர்மத்தைச் சுரக்கின்றன. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்களை அடக்கும் நொதிகளும் அதில் உள்ளன. ஓயாமல் நீந்தி ஆற்றலைச் செலவழிக்கவேண்டிய விந்தணுக்கள் அங்கே ஏறக்குறைய அசையாமல், மிகக் குறைந்த வளர்சிதை மாற்றத்தோடு அடங்கிக் கிடக்கின்றன. இதேபோல் விந்தணுக்களைச் சேமிக்கும் ஒருவகை எறும்பு ராணியின் பையில் அளந்து பார்த்தபோது, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்றே தெரிந்தது. வெளியே மூச்சுக்குழல் வலை, உள்ளே காற்றில்லா அமைதி என்ற இந்த முரண்தான் எனக்கு மிகவும் வியப்பூட்டுகிறது. கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

செலவழிப்பதிலும் அதே சிக்கனம் உண்டு. நல்ல பருவத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும் ராணி, பையின் வாயிலுள்ள தசை வால்வின் மூலம் ஒவ்வொரு முட்டைக்கும் சில விந்தணுக்களை மட்டும் விடுகிறது. முன்கால்களால் அடை அறையின் அகலத்தை உணர்ந்து, பெரிய அறையாக இருந்தால் விந்தணு விடாமலே முட்டையிடுகிறது. அதிலிருந்து ஆண் தேனீ பிறக்கும்.

இந்தச் சேமிப்புக்கு வெப்பம் பகை. 40 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் இருந்தாலே கணிசமான விந்தணுக்கள் மடிந்துவிடும். ஒரு கோடையில் ராணியை வெயிலில் நெடுந்தூரம் கொண்டுவந்தேன். வாங்கிவந்த சில வாரங்களில், வேலைக்காரத் தேனீக்களுக்கான சிறிய அறைகளின் மூடிகள் துப்பாக்கிக் குண்டின் முனைபோல் புடைத்து நின்றன. உள்ளே எல்லாம் ஆண் புழுக்கள். என் கவனக்குறைவால் வந்த வெப்பமே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். அந்த ராணியை மாற்றவேண்டியதாயிற்று. உங்கள் பெட்டியிலும் சிறிய அறைகளின் மூடிகள் அடைமுழுதும் புடைத்துத் தெரிந்தால், அங்கே ராணியின் சேமிப்பு தீர்ந்திருக்கலாம் அல்லது ராணியே இல்லாமல், கூடாத வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிட்டிருக்கலாம். முதலில் ராணியைத் தேடிப் பாருங்கள்.