சிறிய மகளிர் கல்லூரியில் உளவியல்: சேருமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். சென்னையிலுள்ள சிறிய மகளிர் கல்லூரியொன்றில் மூன்றாண்டு உளவியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்துள்ளது. திரும்பி வந்து கொழும்பில் உளவியலாளராகப் பணிபுரிய இது போதுமா? கல்லூரி சிறியது என்பது குறையாகுமா? – ஒரு தாயார், வெள்ளவத்தை

பதில்: இளமாணிப் பட்டம் மட்டும் எவரையும் சிகிச்சை உளவியலாளராக்குவதில்லை என்பதை மகள் இப்போதே அறிந்திருப்பது நல்லது. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்பணிக்கு, மேற்பார்வையின் கீழ் நோயாளரோடு பழகிப் பெறும் பயிற்சியுடன் கூடிய பட்டப்பின் படிப்பும் பதிவும் வேண்டும். இங்கு அந்தப் பதிவு இலங்கை மருத்துவ சபையிடம் உள்ளது. கல்வித் தகைமைகளை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்றாண்டுப் பட்டம் 5ஆம் மட்டத்திலும், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டிருப்பதால், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஓராண்டு வேறுபாடு குறுக்கே வரக்கூடும். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது, பட்டத்தை வழங்குவது யார் என்று கேட்டறிந்து, அப்பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை வார்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் எழுத்து மூலம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கல்லூரி சிறியது என்பதற்காக நான் தயங்கமாட்டேன். அமெரிக்காவின் வெல்லஸ்லி மகளிர் கல்லூரியில் மேரி கால்கின்ஸ் 1891இல் உளவியல் ஆய்வுகூடம் அமைத்தார். பெண் என்பதற்காக ஹார்வர்ட் கலாநிதிப் பட்டம் வழங்க மறுத்த அவரே 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். உளவியல் கையால் செய்து பழக வேண்டிய படிப்பு. நினைவாற்றல், கவனம், எதிர்வினை நேரம் பற்றிய பரிசோதனைகளை ஒவ்வொரு மாணவியும் தானே நடத்தி, தரவு சேகரித்து, அறிக்கை எழுத வேண்டும். வகுப்பு சிறியதாயின் அந்த அறிக்கையை விரிவுரையாளர் வரிக்கு வரி திருத்தித் தர இயலும். நல்ல ஆய்வாளர் பலர் உருவாவது அந்தத் திருத்தங்களில்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால், துறையில் இரண்டு மூன்று விரிவுரையாளர்களே இருந்தால் விருப்பப் பாடங்கள் குறையும்; ஒருவர் விலகினாலும் கற்பித்தல் தடுமாறும். இன்னொன்றும் உண்டு. மகளிர் கல்லூரியில் ஆய்வுக்கு எளிதில் கிடைப்பவர்கள் ஏறத்தாழ ஒரே வயதுப் பெண்கள். அவர்களிடம் கண்ட முடிவை ஆண்களுக்கோ முதியோருக்கோ அப்படியே பொருத்த முடியாது. ஆகவே, இறுதியாண்டு ஆய்வுக்குப் பாடசாலை, மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற வெளியிடங்களுக்கு மாணவிகளை அனுப்புகிறார்களா, ஆய்வில் பங்குபற்றுவோருக்குத் தீங்கு நேராதவாறு பார்த்து வழங்கும் ஆய்வொழுக்க அனுமதியை யார் வழங்குகிறார்கள் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கலைப்பிரிவில் படித்தவர்களைத் தடுமாற வைப்பது புள்ளிவிபரவியல். சாதாரண தரக் கணிதத்தில் நல்ல பிடிப்பிருந்தால் சமாளிக்கலாம். சராசரி, நியம விலகல், இணைபு ஆகியவற்றைப் புறப்படுமுன் படித்து வைப்பது உதவும். விடுமுறையில் கொழும்புக்கு வரும்போது தமிழில் பணியாற்றும் உளவளத்துணையாளர் ஒருவரிடம் பேசிப் பார்க்கட்டும்: ஆங்கில வினாக்கொத்தை மொழிபெயர்த்து அப்படியே பயன்படுத்துவது ஏன் பிழையான முடிவுகளைத் தரலாம் என்பதை அவரிடம் கேட்டறியலாம்.

படிப்பு முடிந்ததும், மதிப்பெண் பட்டியலோடு, ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் மணித்தியாலங்களையும் காட்டும் பாடத்திட்டத்தின் சான்றுறுதிப்படுத்திய பிரதியையும் பெற்று வரச் சொல்லுங்கள். இங்கு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அது கேட்கப்படலாம். நாடு திரும்பிய பின் அதைப் பெறுவது சிரமம்.