வேலிக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

கனடாவில் காசல்கர் என்னும் ஊரில் வேலை பார்க்கிறேன். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய துகபோர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இங்கே இருக்கிறார்கள். அவர்களின் ஞாயிறு வழிபாட்டுக்குப் போயிருந்தேன். முதியவர்கள் ரஷ்யமொழியில் பாடினார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பொருள் தெரியவில்லை. அந்த வட்டார ரஷ்யன் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? அழித்தது ஆங்கிலம்தானே? பதிவுசெய்து வைத்தால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

எத்தனை வருடம் என்ற கணக்கை விடுங்கள். பதிவு நல்லதுதான், செய்யட்டும். பாட்டின் பொருள் தெரியாததும் பெரிதில்லை. ஓர் அசையையே நீட்டி நீட்டிப் பாடும், சங்கீதம் என்னும் துதிப்பாடல் அது.

ஆனால் ‘ஆங்கிலம்தானே’ என்று இத்தனை சுலபமாக எப்படி எழுதினீர்கள்? ஆங்கிலம் செய்த கொடுமை தெரியும். 1953 முதல் 1959 வரை, ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள் என்று, அவர்களில் ஒரு பிரிவினரின் குழந்தைகளைப் போலீஸ் பிடித்துப்போய் நியூ டென்வர் விடுதியில் அடைத்தது. பெற்றோர் கம்பிவேலியினூடே முத்தமிட்டார்கள். மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது 2024-ல்.

வேலிக்கு இந்தப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். 1899-ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் கொண்டுவந்தது மாஸ்கோ ரஷ்யன் அல்ல. தெற்கத்திப் பேச்சு; ‘க’வை ‘ஹ’ போலச் சொல்வது, உக்ரைனியச் சொற்கள் கலந்தது. பாதிரியும் வேண்டாம், அச்சிட்ட வேதமும் வேண்டாம் என்றவர்கள். வாய்வழி வந்த சங்கீதங்களே அவர்களுக்கு ‘உயிருள்ள புத்தகம்’. அது அச்சேறியதே 1909-ல்தான். பிற்பாடு பிள்ளைகளுக்கு ரஷ்யன் வகுப்பு வைத்தார்கள், ஆசையோடுதான். வகுப்பில் வந்ததோ பாடநூல் ரஷ்யன். பாட்டியின் சொல் அதில் இல்லை, ஆகவே பாட்டி பிழை. தன் பேச்சே பிழை என்று நம்பிவிட்ட கிழவி பேரனிடம் எதில் பேசுவாள்? தெரிந்த நாலு வார்த்தை ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் வீட்டுக்குள் நுழைய அந்த வெட்கம் கதவைத் திறந்துவிட்டது.

ஒரு வாரமாக என் ஆச்சியையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. நாஞ்சில்நாட்டுக்காரி. “வெள்ளம் குடிக்கியா மக்கா?” என்பாள். ஆறாம் வகுப்பில் படித்த நான், “தண்ணீர்னு சொல்லணும் ஆச்சி, வெள்ளம்னா ஊரை அழிக்கிறது” என்று திருத்தினேன். அவள் சிரித்தாள். அதன்பின் என்னிடம் மட்டும் எதுவும் கேட்பதில்லை. தம்ளரை நீட்டுவாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் போங்கள். வழிபாட்டு மேசையில் ரொட்டி, உப்பு, தண்ணீர் வைத்திருப்பார்கள். அவற்றை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு கிழவியிடம் கேளுங்கள். சரியான ரஷ்யனில் சொல்லவா என்று தயங்கினால், வேண்டாம், உங்கள் அம்மா சொன்னபடி சொல்லுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.