அமெரிக்க காங்கிரஸ் கூட்டம் ஏன் பிரார்த்தனையுடன் தொடங்குகிறது?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய இரு அவைகளிலும் அன்றைய அலுவலுக்கு முன் மதகுரு ஒருவர் சொல்லும் சிறு வேண்டுதல் இது. ஒவ்வொரு அவைக்கும் அரசுச் சம்பளத்தில் ஒரு மதகுரு உண்டு. சில நாட்களில் வேறு மதத்தவரும் விருந்தினராக வந்து சொல்வார்கள். பொறுப்பின் கனத்தை உறுப்பினர்களுக்கு நினைவூட்டுவதே நோக்கம். பெரிய வேலையில் இறங்குமுன் ஒரு நொடி கண்மூடி நிற்பதைப் போல.

அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிறதே அமெரிக்க அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தம்? 1789-இல் அதை எழுதி நிறைவேற்றிய அதே காங்கிரஸ்தான் மதகுருக்களையும் நியமித்தது. இந்த வரலாற்றை வைத்தே 1983-இல் உச்ச நீதிமன்றம் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றப் பிரார்த்தனையை அனுமதித்தது. ஆனால் அது மதப் பிரச்சாரமாகவோ பிற மதத்தை இழிவுபடுத்துவதாகவோ மாறினால் சிக்கல்தான்.

அப்படியானால் அரசுப் பள்ளியிலும் பிரார்த்தனை நடத்தலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அரசே எழுதிக் கொடுக்கும் பள்ளிப் பிரார்த்தனையை 1962-லேயே அதே நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டது.