கற்றல் ஒப்பந்தப் படிவம் வெறுமையாகத் திரும்பி வந்தால்

எதைக் கற்கப் போகிறேன், கற்றதை எப்படிக் காட்டுவேன் என்று கற்பவரே எழுதித் தருவதுதான் கற்றல் ஒப்பந்தப் படிவம். நீங்கள் பயிற்சி தரும் செவிலியர்கள் அதை நிரப்பாமலே திருப்பித் தருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படிவத்தைக் கைவிட வேண்டாம். வெற்றுத் தாளாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். 10 வருட அனுபவமுள்ள செவிலியர்கள்கூட "என்ன படிக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்று திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது சோம்பல் அல்ல.

கல்வியாளர் ஜெரால்ட் குரோ 1991-இல் முன்வைத்த மாதிரியில் கற்பவருக்கு 4 நிலைகள்: ஆசிரியரைச் சார்ந்திருப்பவர், ஆர்வம் காட்டுபவர், ஈடுபடுபவர், தானே வழிநடத்துபவர். தன் வார்டில் நான்காம் நிலையில் இருப்பவர், பழக்கமில்லாத பாடத்தில் முதல் நிலைக்கு இறங்கிவிடக்கூடும். அந்த இடத்தில் முழுச் சுதந்திரம் கொடுப்பது, பாவம், அவரைத் தனியே விட்டுவிடுவதுதான்.

10 நிமிடம் கொடுத்து இரண்டே வரி எழுதச் சொல்லிப் பாருங்கள்:

1. எதைச் செய்யத் தெரிய வேண்டும்? இதுவே வராதவருக்கு இலக்கை நீங்களே கொடுங்கள்.
2. தெரிந்துவிட்டதை எப்படிக் காட்டுவீர்கள்? இங்கே தடுமாறுபவருக்கு நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்று போதும். "நன்றாகப் புரிந்துகொள்வேன்" என்பதை மட்டும் ஏற்காதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும்.

மருந்தளவு, தொற்றுத் தடுப்பு போன்றவற்றை அவரவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். பணி நேரத்தில் இதற்கென்று நேரம் ஒதுக்காவிட்டாலும் படிவம் இப்படித்தான் திரும்பும். அதை முதலில் விசாரியுங்கள்.